பழைய கட்டைப் புதிய இடத்தில் பிரிப்பது எப்படி?



சென்ற ஆண்டு ஓணத்துக்கு முந்தின வாரம் ஷார்ஜாவிலிருந்து எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. பேசியவர் காரோட்டில் பிறந்து, கல்யாணமாகி அங்கே போனவர். "மாமா, எங்க ஆச்சி பேசினத நீங்க ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கதா அம்மை சொல்லுவா. அது இப்பவும் இருக்கா? பிள்ளையைக் கேக்க வைக்கணும்" என்றார். ஆச்சி காலமாகிப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. "இருக்கும்மா, அனுப்பி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் தேடப் போனேன்.

அந்த ஒலிப்பதிவைத் தேடி எடுத்த கதையை எழுதும்படி ஆசிரியர் கேட்டார். அதற்குள் கணிப்பொறி பற்றிய ஒரு சங்கதி இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அந்தத் துறையில் படிக்கிறார்கள். அவர்களுக்கும் இது பயன்படும் என்று நினைக்கிறேன். நான் டிப்ளமோ படித்தவன். ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் வேலை பார்த்து 2020-இல் ஓய்வு பெற்றேன். கணிப்பொறியைப் பள்ளியில் வைத்துப் படித்தவனல்லன், கையைச் சுட்டுக்கொண்டு கற்றவன். படித்தவர்கள் பிழை கண்டால் பொறுத்தருள்க.

பழைய உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். 2004 முதல் 2006 வரை நாங்கள் நான்கு பேர் காரோடு, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் போனோம். எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், எந்தத் தொழிலுக்கு வந்தீர்கள், யார் யாருக்குப் பெண் கொடுத்தீர்கள் என்று கேட்டு ஒரு குடும்பப் பதிவேடு தயாரித்தோம். பிழைப்புத் தேடி வந்தவர்களும் இருந்தார்கள். எங்கும் போகாமல் இருந்த இடத்திலேயே இருந்து, எல்லைக் கோடு தங்களைத் தாண்டி விழுந்ததால் அயல் மாநிலத்தார் ஆனவர்களும் இருந்தார்கள். வயதானவர்கள் பேசியதை ஒலிப்பதிவும் செய்தோம். எல்லாம் ஓர் உறுப்பினர் வீட்டு லினக்ஸ் கணிப்பொறியில் ஏறியது. லினக்ஸ் என்பது யூனிக்ஸ் குடும்பத்துப் பிள்ளை. 2006-இல் அந்த உறுப்பினரின் மருமகன் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி ஒரு சிடியில் எழுதி என்னிடம் கொடுத்துவிட்டுப் பெங்களூர் போனார்.

அதன் பிறகு கணிப்பொறி மூன்று முறை மாறியது. அடைவின் பெயர் மட்டும் மாறவில்லை. அடைவு என்றால் கோப்புகளைப் போட்டு வைக்கும் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் பிறப்பு, இறப்பு, கல்யாணம், புது விலாசம் என்று இருபது ஆண்டுகளாக ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறோம். ஆச்சியின் கோப்பைத் திறந்தேன். பெயர் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. அளவு சுழியம். ஏதோ ஒரு மாற்றத்தின்போது யாரும் கவனிக்காமல் அது காலியாகி இருக்கிறது.

அலமாரியைக் குடைந்து சிடியை எடுத்தேன். உதவிக்கு வந்த இளைஞர் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவர். சிடியைப் போட்டதும் விரல்கள் விசைப்பலகையில் ஓட ஆரம்பித்துவிட்டன. "ஒரே நிமிஷம் மாமா, எக்ஸ்ட்ராக்ட் பண்ணிடுதேன்" என்றார். அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். அந்தப் பையன் திகைத்துப் போனார். ஏன் நிறுத்தினேன் என்பதற்கு முப்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

1994-ஆம் ஆண்டு. நான் அப்போது வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு யூனிக்ஸ் கணிப்பொறி இருந்தது. எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது வேண்டாம், தவறு என்னுடையது. கேபிள் பழுதுகளின் பதிவேடு அதில் இருந்தது. மாதம் ஒரு முறை எல்லாக் கோப்புகளையும் கால் அங்குல நாடா கொண்ட ஒரு கேசட்டில் எழுதி இரும்பு அலமாரியில் பூட்டி வைப்போம். ஒரு நாள், தெரியாமல் அழிக்கப்பட்ட ஒரு பழைய அறிக்கை தேவைப்பட்டது. கேசட்டைச் செருகினேன். புத்திசாலித்தனமாக நடப்பதாக எண்ணி, பழைய கோப்புகள் தனியாக விழட்டும் என்று ஒரு புது அடைவை உண்டாக்கி, அதற்குள் நின்றுகொண்டு, பிரிக்கும் ஆணையைக் கொடுத்தேன். நாடா ஓடி முடிந்தது. புது அடைவைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. நாடா கெட்டுவிட்டது போலும் என்று நினைத்தேன். சாயங்காலம் எழுத்தர் வந்து, "சார், இந்த மாசம் நான் ஏத்துனதெல்லாம் எங்க?" என்றார்.

நாடாவில் இருந்த கோப்புகள் நான் நின்ற இடத்தில் இறங்கவேயில்லை. தாங்கள் பிறந்த இடத்துக்கே நேராகப் போய், அங்கிருந்த புதிய பதிவேட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. பதினோரு நாள் வேலை போயிற்று. காகிதப் பதிவேடு இருந்ததால் பிழைத்தோம். இரண்டு இரவு உட்கார்ந்து மறுபடி ஏற்றினோம். எழுத்தர் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் அதிகம் உறுத்தியது.

இது எப்படி நடந்தது என்பதை என் அம்மையின் பிறந்த வீட்டை வைத்துச் சொல்கிறேன். அது கொல்லங்கோட்டுப் பக்கம். காரோட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். அம்மை பிறந்தபோது அந்த வீடு திருவிதாங்கூரில் இருந்தது. 1949 ஜூலையில் திருவிதாங்கூர்-கொச்சி ஆயிற்று. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனபோது, அந்த வீடும் சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் இருந்த எங்கள் காரோடு கேரளத்தில் நின்றது. 1969 ஜனவரியில் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. வீடு ஓரடி நகரவில்லை. விலாசத்தின் தலைவரி நான்கு பெயர் கண்டுவிட்டது. ஆனால் அம்மை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழி, "சந்தையிலேருந்து கிழக்கே திரும்பி, குளத்தங்கரையில ரெண்டாவது வீடு" என்பது. அந்த வழி அத்தனை ஆட்சியிலும் செல்லுபடியானது.

யூனிக்ஸிலும் கோப்புகளுக்கு இந்த இரண்டு வகை விலாசமும் உண்டு. ஒன்று முழு விலாசம். அது ஒரு சாய்கோட்டில் தொடங்கும். அந்த முதல் சாய்கோடு கணிப்பொறியின் வேர். மாநிலம், மாவட்டம், தாலுகா, கிராமம் என்று மேலிருந்து கீழே இறங்குவது போல அங்கிருந்து இறங்கும். "சாய்கோடு ஹோம், சாய்கோடு சங்கம், சாய்கோடு குடும்பம்" என்பது எங்கள் பதிவேட்டின் முழு விலாசம். மற்றது வழி விலாசம். அது சாய்கோட்டில் தொடங்காது. நீங்கள் இப்போது எந்த அடைவில் நிற்கிறீர்களோ அங்கிருந்து கணக்கு. "சங்கம், சாய்கோடு குடும்பம்" என்றால், நான் நிற்கும் இடத்திலிருந்து சங்கம் என்ற அறைக்குள், குடும்பம் என்ற அறை.

கட்டுக் கட்டும் ஆணையின் பெயர் டார். நாடாவில் கட்டும் கட்டு என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. பெல் ஆய்வகத்திலிருந்து 1979 ஜனவரியில் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் முதலில் வந்தது. அதே 1979 ஏப்ரலில்தான் திருவனந்தபுரம் - நாகர்கோவில் - கன்னியாகுமரி ரயில் பாதை திறக்கப்பட்டு, நம் பாறசாலைக்கும் ரயில் வந்தது. முதல் ரயிலைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தில் டிப்ளமோ மாணவனாக நானும் நின்றேன். இந்த இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் எனக்கு இரண்டும் ஒரு வயதுப் பிள்ளைகள்.

டார் கட்டுகிற கட்டு ஒரு சரக்கு ரயில் போலவே இருக்கும். ஒவ்வொரு கோப்பும் ஒரு வேகன். வேகனுக்கு முன்னால் 512 பைட் அளவுள்ள ஒரு லேபிள். அதில் முதல் 100 பைட் கோப்பின் பெயருக்கு. பிறகு யார் படிக்கலாம், யாருக்கு உரியது, எத்தனை பைட் சரக்கு, எப்போது கடைசியாகத் திருத்தியது என்று வரிசையாக இருக்கும். லேபிள், சரக்கு, லேபிள், சரக்கு என்று ரயில் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் இரண்டு வெற்று லேபிள்கள் வந்தால் வண்டி முடிந்தது. மொத்த வண்டிக்கும் ஒரு பட்டியல் எங்கும் கிடையாது. ஒரு கோப்பு வேண்டுமென்றாலும் தலையிலிருந்து ஒவ்வொரு லேபிளாகப் படித்துக்கொண்டே போக வேண்டியதுதான். நாடாவில் எழுதுவதற்கென்று செய்தது. நாடாவில் இடையில் குதிக்க முடியாதல்லவா?

அந்த 100 பைட் ஆங்கிலப் பெயருக்குத் தாராளம். தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. இன்றைய யூனிகோடு முறையில், வழக்கமான சேமிப்பு வகையில், உயிர்மெய்க் குறியும் தனி எழுத்தாகக் கணக்காகி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும். "காரோடு" என்ற பெயருக்கு மட்டும் 18 பைட். நம் பிள்ளைகளின் பெயரும் வீட்டுப் பெயரும் சேர்ந்தால் லேபிளை விட்டு வெளியே வழியும். 1988-இல் வந்த தர நிர்ணயம் இன்னுமொரு 155 பைட் சேர்த்துக் கொடுத்தது. 2001-இல் வந்தது அந்தக் கட்டையே எடுத்துவிட்டது. இது போகிற போக்கில் சொன்னது.

விஷயத்துக்கு வருகிறேன். லேபிளில் எந்தப் பெயர் எழுதப்படும்? கட்டுகிறவர் எப்படிச் சொல்லிக் கட்டினாரோ அப்படியே. முழு விலாசம் சொல்லிக் கட்டினால் லேபிளில் முழு விலாசம் ஏறும். வழி விலாசம் சொன்னால் அதுவே ஏறும். பிரிக்கும்போது டார் லேபிளைப் பார்த்துத்தான் சரக்கை இறக்கும். லேபிள் சாய்கோட்டில் தொடங்கினால், நீங்கள் எங்கே நின்றாலும் அதற்குக் கவலையில்லை. வேரிலிருந்து இறங்கி அந்த விலாசத்துக்கே போய்விடும். அங்கே அதே பெயரில் வேறு கோப்பு இருந்தால், அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்காரும். ஒரு வார்த்தை கேட்காது. 1994-இல் எனக்கு நடந்தது இதுதான். அந்த நாடாவை மாதாமாதம் முழு விலாசம் சொல்லிக் கட்டியவனும் நான்தான்.

இப்போது லினக்ஸில் வரும் டார் இவ்வளவு முரடு இல்லை. கட்டும்போதும் பிரிக்கும்போதும் முதல் சாய்கோட்டைத் தானே உரித்துவிட்டு, உரித்தேன் என்று ஒரு வரி அறிவிப்பும் கொடுக்கும். ஆப்பிள் கணிப்பொறியில் இருப்பதும் பழக்கமாக அப்படியே செய்யும். ஆனால் "பெரிய பி" என்ற எழுத்தைச் சேர்த்துக் கொடுத்தால், உரிக்காதே, உள்ளபடியே இறக்கு என்று அர்த்தம். நான் நம் இளைஞரின் கையைப் பிடித்தபோது திரையைப் பார்த்தேன். அவர் தட்டியிருந்த வரியில் அந்தப் பெரிய பி இருந்தது. "இது ஏன் தம்பி?" என்றேன். "எப்பவும் போடுவேன் மாமா, யாரோ எழுதியிருந்ததைப் பாத்துப் படிச்சேன்" என்றார். இன்னும் ஒரு விசை தட்டியிருந்தால் 2006-ஆம் ஆண்டுப் பதிவேடு வந்து இருபது ஆண்டுப் பிறப்பு இறப்புகளின் மேல் படுத்திருக்கும்.

இனி, நாங்கள் அன்று செய்ததைச் சொல்கிறேன். ஆணைகளின் ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தாகத் தட்டவும். "பெரிய" என்று சொன்னால் மட்டும் ஷிஃப்ட் விசையோடு.

முதலில் கட்டை அவிழ்க்காமலே உள்ளே பார்த்தோம். அதற்கு டார் என்று தட்டி, இடைவெளி விட்டு, டி, வி, எஃப் என்ற மூன்று எழுத்தைச் சேர்த்துத் தட்டி, மறுபடி இடைவெளி விட்டுக் கட்டின் பெயர். டி என்றால் பட்டியல், வி என்றால் விவரமாக, எஃப் என்றால் இனி வருவது கட்டின் பெயர். இது எதையும் இறக்காது, எதையும் அழிக்காது. லேபிள்களை மட்டும் வாசித்துக் காட்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். முன்பெல்லாம் வேகனின் சீலை உடைப்பதற்கு முன் லேபிளைப் படிப்பார்கள். அது எங்களுக்குப் பழகிய காரியம்.

பட்டியலில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். பெயர்கள் சாய்கோட்டில் தொடங்குகின்றனவா என்பது ஒன்று. எங்களுடையது தொடங்கியது. பெயருக்கு நடுவே இரண்டு புள்ளிகள் சேர்ந்து வருகின்றனவா என்பது இன்னொன்று. யூனிக்ஸில் இரட்டைப் புள்ளி என்றால் ஒரு படி மேலே ஏறு என்று பொருள். நான்கு இரட்டைப் புள்ளி போட்டால் வழி விலாசமே மாடிப்படி ஏறி வேருக்குப் போய்விடும். தெரியாமல் இப்படி வருவது அபூர்வம். கெட்ட எண்ணத்தோடு வருவதுண்டு. பைத்தான் மொழியில் டார் கட்டைப் பிரிக்கும் பகுதியில் இந்தக் குறை இருப்பதாக 2007-இலேயே பதிவானது. அதற்கு உரிய தடுப்பு 2023-இல்தான் வந்தது. ஆகவே முன்பின் தெரியாதவர் அனுப்பும் கட்டைப் படித்துப் பார்க்காமல் அவிழ்க்க வேண்டாம். மூன்றாவது, எல்லாக் கோப்பும் ஒரே அடைவுக்குள் அடங்கி இருக்கிறதா, அல்லது தனித்தனியாகச் சிதறிக் கிடக்கிறதா? சிதறிய கட்டை உங்கள் சொந்த அடைவில் நின்று அவிழ்த்தால், அவலும் பொரியும் கலந்தது போல ஆகிவிடும்.

பிறகு ஒரு காலி அடைவு உண்டாக்கினோம். "பழசு" என்று பெயர் வைத்தேன். வட்டில் இடம் இருக்கிறதா என்று டி, எஃப் என்ற ஆணையால் பார்த்துக்கொண்டோம். பாதிக் கட்டு அவிழ்ந்த நிலையில் இடம் தீர்ந்தால், எது முழுசு எது அரைகுறை என்று சொல்ல முடியாது. அப்புறம் பிரித்தோம்: டார், இடைவெளி, எக்ஸ், எஃப், இடைவெளி, கட்டின் பெயர், இடைவெளி, சிறுகோடு பெரிய சி, இடைவெளி, பழசு. எக்ஸ் என்றால் பிரி. பெரிய சி என்றால், முதலில் அந்த அடைவுக்குள் போய் நின்றுகொள், அதன் பிறகு வேலையைத் தொடங்கு என்று பொருள். முதல் சாய்கோடு உரிந்ததால் கோப்புகள் "பழசு" அடைவுக்குள், ஹோம், அதற்குள் சங்கம், அதற்குள் குடும்பம் என்று அழகாக இறங்கின. மேலே உள்ள வெற்று அடைவுகள் வேண்டாமென்றால் இத்தனை படியை வெட்டிவிடு என்று சொல்லவும் வழி உண்டு. நாங்கள் வெட்டவில்லை. எங்கிருந்து வந்தது என்று அதுவே சொல்லட்டும் என்று விட்டுவிட்டோம்.

பெரிய சி தெரியாத பழைய டார்களும் உண்டு. அங்கே நாமே அந்த அடைவுக்குள் போய் நின்று பிரிக்க வேண்டியது. சாய்கோட்டை உரிக்கத் தெரியாத பழைய டார் என்றால், பாக்ஸ் என்ற வேறொரு ஆணை உதவும். டார் கட்சிக்கும் சிபிஐஓ என்ற இன்னொரு கட்டும் ஆணையின் கட்சிக்கும் நடந்த சண்டையைத் தீர்க்கச் செய்தது அது. லத்தீனில் பாக்ஸ் என்றால் சமாதானம். இரண்டு வகைக் கட்டையும் அவிழ்க்கும். அவிழ்க்கும்போதே பெயரில் இந்த எழுத்தை எடுத்து அந்த எழுத்தைப் போடு என்று சொல்லலாம். 1994-இல் எனக்கு இது தெரிந்திருந்தால் இரண்டு இரவு தூங்கியிருப்பேன்.

இன்னொரு எச்சரிக்கை. இந்த வேலையை நிர்வாகி அதிகாரத்தோடு, அதாவது ரூட் என்று உள்ளே நுழைந்து, செய்ய வேண்டாம். ரூட்டாகப் பிரித்தால் டார் ஒவ்வொரு கோப்பையும் லேபிளில் எழுதிய உரிமையாளருக்கே கொடுக்கப் பார்க்கும். அந்தப் பெயரில் இப்போது ஆள் இல்லாவிட்டால் எண்ணைப் பார்க்கும். பழைய கணிப்பொறியில் 500 என்ற எண் நம் மருமகனுடையது. புதியதில் அதே எண் யாருடையதாகவும் இருக்கலாம். சாதாரண ஆளாகப் பிரித்தால் பிரித்தவருக்கே எல்லாம் சொந்தம். தாண்டக்கூடாத இடத்தைத் தாண்டவும் கணிப்பொறி விடாது.

ஆச்சியின் கோப்பு இறங்கியிருந்தது. இளைஞர் அதைத் திறந்தார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி திறந்தார். மௌனம். அளவு சுழியம் என்று காட்டியது. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. 2006-லேயே காலியாக இருந்ததா? ஷார்ஜாவுக்கு என்ன சொல்வேன்?

அப்போது பையன்தான் கண்டுபிடித்தார். அவருக்குப் பாராட்டு. "மாமா, இது கோப்பே இல்லை. சுட்டி" என்றார். நாங்கள் எடுத்த பட்டியலிலேயே அந்த வரியில் பெயருக்குப் பின்னால் ஓர் அம்புக்குறி இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. யூனிக்ஸில் ஒரு கோப்பை இரண்டு இடத்தில் வைக்காமல், ஓரிடத்தில் வைத்துவிட்டு, மற்ற இடத்தில் "இன்ன விலாசத்தில் இருக்கிறது, அங்கே போ" என்று ஒரு சீட்டு மட்டும் வைக்கலாம். டார் கட்டும்போது அந்தச் சீட்டைச் சீட்டாகவே கட்டும். அது காட்டும் சரக்கைத் தேடிப் போய் எடுக்காது. முதல் சாய்கோட்டை உரிக்கும் டார், சீட்டுக்குள் எழுதியிருக்கும் விலாசத்தில் கை வைப்பதில்லை. எங்கள் சீட்டில் முழு விலாசம் இருந்தது. அது காட்டியது "பழசு" அடைவுக்குள் இறங்கிய கோப்பை அல்ல. இப்போதைய கணிப்பொறியில் அதே விலாசத்தில் காலியாகக் கிடந்த கோப்பை. புது இடத்தில் இறங்கிய சீட்டு பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருந்தது.

சீட்டில் எழுதிய பெயரைப் பிடித்துக்கொண்டு "பழசு" அடைவுக்குள் தேடினோம். "ஒலி" என்ற வேறொரு அடைவில் பன்னிரண்டாம் எண்ணாக அந்தக் கோப்பு பத்திரமாக இருந்தது. திறந்தார். முதலில் ஒரு கோழி கூவியது. பிறகு நாற்காலி இழுக்கிற சத்தம். பிறகு ஆச்சி, "இதுல பேசணுமா? பேசுனா யாரு கேக்கப் போறா?" என்றாள். கொல்லங்கோட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் காரோட்டுக்கு வந்த நாளையும், தலைச்சுமையாக வந்த பாத்திரங்களையும் பற்றிச் சொன்னாள். கேள்வி கேட்கும் குரல் என்னுடையது. இருபது வயது குறைந்த குரல்.

வேலை அதோடு முடியவில்லை. பழைய பதிவேட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டிஃப் என்ற ஆணையால் ஒப்பிட்டோம். இரண்டு அடைவைக் கொடுத்தால் எது எதில் இல்லை, எது எதில் மாறியிருக்கிறது என்று அது சொல்லும். கணிப்பொறி வேறுபாட்டைத்தான் சொல்லும். எது சரி என்பதை மனிதர்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆறு குடும்பங்களின் பக்கங்கள் இடையில் எப்போதோ விடுபட்டுப் போயிருந்தன. அவை பழைய கட்டில் இருந்தன. மேலேயே கொட்டியிருந்தால் இந்த ஆறையும் பெற்று, இருபது ஆண்டை இழந்திருப்போம். பழைய பக்கங்கள் சிலவற்றில் தமிழ் எழுத்துக்குப் பதில் ஏதோ கிறுக்கலாகத் தெரிந்தது. அது கட்டின் குறையன்று. அக்காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது; யூனிகோடுக்கு மாற்றினால் சரியாகிவிடும். அதை இன்னொரு இதழில் எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்காக ஒன்று. டாய் ஸ்டோரி என்ற பொம்மைப் படத்தின் இரண்டாம் பாகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1998-இல் அதை எடுத்துக்கொண்டிருந்தபோது, பிக்ஸார் நிறுவனத்தில் யாரோ கொடுத்த அழிக்கும் ஆணை ஒன்று படத்தின் கோப்புகளைச் சரசரவென்று அழித்துவிட்டது. காப்புப் பிரதியைத் தேடினால் அது சரியாக வேலை செய்யவில்லை. கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர், கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்க்க ஒரு பிரதியை வீட்டுக் கணிப்பொறியில் வைத்திருந்தார். அதைப் போர்வையில் சுற்றி, காரில் வைத்துக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்ததை அப்படியே கொட்டிவிடவில்லை. மிஞ்சியிருந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சேர்த்தார்கள்.

நாங்களும் புதிய பதிவேட்டை மறுபடி ஒரு கட்டாகக் கட்டியிருக்கிறோம். இந்த முறை சங்கம் அடைவுக்கு வெளியே நின்றுகொண்டு, வழி விலாசம் சொல்லிக் கட்டினோம். சீட்டுகளிலும் முழு விலாசத்தை எடுத்துவிட்டு வழி விலாசம் எழுதிவிட்டோம். கட்டி முடித்ததும், வேறொரு கணிப்பொறியில், வேறொரு அடைவில், ஒரு முறை பிரித்தும் பார்த்தோம். ஒரு பிரதி என் வீட்டில், ஒன்று இளைஞர் வீட்டில், ஒன்று ஷார்ஜாவில்.

ஆச்சியின் பேச்சு போய்ச் சேர்ந்த மறுநாள் அங்கிருந்து தொலைபேசி வந்தது. பேத்தி அதிகம் பேசவில்லை. அவருடைய ஐந்து வயதுப் பிள்ளை மட்டும், "அந்தக் கோழி யாருது?" என்று கேட்டதாம்.

2006-ஆம் ஆண்டு சிடி போல இன்னும் பலர் வீட்டு அலமாரியில் சிடியும் ஃப்ளாப்பியும் கிடக்கும் என்று நினைக்கிறேன். கல்யாணப் படம், தாத்தாவின் கடிதம், குழந்தையின் மழலை என்று எதுவானாலும் சரி, மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறைக்குக் கொண்டுவாருங்கள். நானும் அந்த இளைஞரும் இருப்போம். வீட்டில் நீங்களே பிரித்துப் பார்க்க ஆசைப்பட்டாலும் பார்க்கலாம். 2018 முதல் விண்டோஸ் 10 கணிப்பொறிகளிலும் டார் கூடவே வருகிறது. பட்டியல் எடுத்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, பெயர் சாய்கோட்டில் தொடங்கினால் எனக்கு ஒரு தொலைபேசி செய்யுங்கள்.